ஆணி எண்ணும் ரெங்கசாமியும் வடைக் கருந்துளையும்

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ரெங்கசாமிக்கு வேலை, காந்தத்தைத் துடைப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ரோலர் இயந்திரங்கள் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள் தேயிலையோடு கப்பலேறாமல் இருப்பது, இருபத்திரண்டு வருடமாக அவர் கையிலிருக்கும் கந்தல் துணியின் தயவால்தான். அதற்காக யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காந்தத்தோடு காலம் தள்ளியவருக்குக் கருந்துளைமேல் பைத்தியம் பிடித்தது கைப்பேசியால். கருந்துளையைச் சுற்றியிருக்கும் ஒளிவளையத்தின் படத்தை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாகக் கொண்டுபோய்க் காட்டினார். அது உளுந்து வடை என்று லயங்கள் ஏகமனதாகத் தீர்மானித்தன. வடைமேல் சீப்பால் வாரியது போலத் தெரியும் கோடுகள் காந்தப்புலத்தின் தடம் என்று விளக்கினார். உளுந்து விற்கிற விலையில் இது வேறா என்றாள் அவர் மனைவி பெரியாயி.

மனிதர் சளைத்தாரா? கருந்துளைக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது, சுற்றிச் சுழலும் வாயுதான் அதைக் கொண்டுவருகிறது என்றார். ஐன்ஸ்டீனின் சார்பியல் கணக்குகூட கருந்துளையின் நடுப்பகுதிக்குப் போனதும் கையை விரித்துவிடுகிறது என்றார். உள்ளே விழுந்த செய்தி அடியோடு அழிகிறதா, எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்றார். தோட்டத்தில் பாதிப்பேர் அவரைக் கண்டாலே வேறு பாதையில் போனார்கள்.

ஆனால் வேலையில் அவர் புலி. தினமும் காலையில் காந்தத்தில் சின்ன ஆணிகளைத் தொங்கவிட்டு, எத்தனை நிற்கிறது என்று பார்த்துச் சுவரில் குறிப்பார். சோக்குக்கட்டியால் எழுதினால் தூள் தேயிலையில் விழும் என்று டீமேக்கர் விஜேந்திரன் ஒருமுறை சத்தம் போட்டதால், அன்றிலிருந்து ஆணியாலேயே சுவரில் கீறினார். வருடக்கணக்காக முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்றே வந்தது.

தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்புக்கு விஜேந்திரன்தான் பொறுப்பு. அவருக்கு ஒருநாள் ஞானோதயம் பிறந்தது. காந்தத்தைக் கழற்றி, தேயிலை காய்ந்து வெளியே வரும் அடுப்பின் வாயருகே மாட்டச் சொன்னார். இரும்பைச் சூட்டோடு சூடாகப் பிடித்துவிடலாமாம்.

"ஐயா, இந்தக் காந்தம் சூடு தாங்காதுங்க. எம்பது டிகிரியத் தாண்டினா செத்துரும்," என்றார் ரெங்கசாமி.

"நீ போயி ஒன் வடையப் பாரு," என்றார் விஜேந்திரன்.

சுவரில் இருபத்துநான்கு விழுந்தது. பிறகு பதின்மூன்று. பிறகு ஆறு. ஒவ்வொரு முறையும் போய்ச் சொன்னார்; செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு மாதத்தில் கொழும்பிலிருந்து தேயிலை திரும்பி வந்தது, இரும்புத்தூளோடு.

தோட்ட மேலாளரான துரை விசாரணைக்கு வருகிறார் என்றதும் விஜேந்திரன் செய்த முதல் காரியம், சுத்தம் என்ற பெயரில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. காந்தம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. துடைக்காதவன் ரெங்கசாமி என்று ஒப்புக்கொள்ளும் கடிதமும் தயாராக இருந்தது, அவர் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் மறுபடியும் மலைக்குப் போய்ப் புல் வெட்ட வேண்டும், ஐம்பத்தாறு வயதில், மடங்காத முழங்காலோடு. அன்று ஒரே காந்தத்தை மூன்று முறை துடைத்தார். பயம்தான், வேறென்ன.

துரை பேனாவை நீட்டினார். ரெங்கசாமி வாங்கவில்லை. இரும்புத்தூள் ஏறிக் கறுத்துக்கிடந்த தன் துணியை எடுத்துக்கொண்டு நேரே சுவரிடம் போனார். வெள்ளைச் சுவரில் அழுத்தித் தேய்த்தார். கழுவின பிள்ளைமுகத்தில் கரி பூசுகிறானே என்று விஜேந்திரன் பதறினார். சுவர் கறுத்தது. கீறல்கள் மட்டும் வெள்ளையாக நின்றன: 31, 31, 24, 13, 6.

"உள்ள போனது அழியலீங்க தொர, தெனமும் காந்தத்துல நின்ன ஆணிக் கணக்கு," என்றார் ரெங்கசாமி. "சோக்கால எழுதியிருந்தா அழிஞ்சிருக்கும். எழுதாதேன்னு சொன்னது நம்ம ஐயாதான்."

துரை தானே ஆணிகளை எடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஆறுதான் நின்றது; கெட்டது காந்தம், துடைத்த கை அல்ல. கடிதத்தைக் கிழித்துவிட்டார்.

புதுக் காந்தம் வந்தது. பழையது கெட்டதைக் கண்டுபிடித்தவர் என்று மேலிடத்துக்குப் போன அறிக்கையில் விஜேந்திரன் பெயர் இருந்தது. அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. ஐன்ஸ்டீனே கையை விரிக்கும் இடத்தில் நியாயம் மட்டும் நடந்துவிடுமா என்ன? ரெங்கசாமிக்குக் கிடைத்தது, கறையாக்கிய சுவருக்கு அவரே சீமெந்து பூச வேண்டும் என்ற உத்தரவு.

பூசினார், மழமழவென்று. விஜேந்திரன் வந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். சீமெந்து இன்னும் ஈரமாக இருந்தது. ரெங்கசாமி சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்து, முப்பத்தொன்றிலிருந்து ஆறு வரை அத்தனையையும் முன்னைவிட ஆழமாக மறுபடி எழுதினார். கீழே, புதுக் காந்தத்துக்கு நாற்பத்திரண்டு என்று எழுதிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.