முனிரத்தினம் மாமாவின் ஒன்பது நாள் ரூட்டு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகன் தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது, இன்றைக்கு அவன் தூங்க மணி பதினொன்றரை ஆகிவிட்டது. பதினாறாம் நாளன்று மாமாவின் பணிமனை நண்பர்களான நீங்கள் போடும் சிறு புத்தகத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்று கண்டக்டர் கன்னியப்பன் ஐயா கேட்டார். அத்தை மருமகளான என்னைக் கைகாட்டிவிட்டார்.

செய்தி வந்தபோது நான் ஆர்.கே.பேட்டையில், என் அம்மா வீட்டில் இருந்தேன். மகனுக்குக் காலைச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். போனில் அத்தை அழவில்லை. “உங்க மாமா போயிட்டாரும்மா. கொயந்தைக்கு ஊட்டி முடிச்சிட்டு வா” என்றார். பல் தேய்க்கப் போனவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். நான் ஊட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வாழைப்பழத்தைப் பிசைந்தது மட்டும் நினைவிருக்கிறது.

முப்பத்தொரு வருடம் அவர் பேருந்து ஓட்டியதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு வரைக்கும் அவர் ஓட்டியது எல்லாம் சமதரை. கிருத்திகைக்குக் கோயில் பேருந்து ஓட்டும்போது ஏறிய நம் திருத்தணி மலை ஒன்றுதான் அவர் ஓட்டிய மலை. ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்று வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டதும் அங்கேதான். எங்கே போகலாம் என்று அத்தையைக் கேட்டார். பழனி என்பார் என்று நாங்கள் நினைத்தோம். “சாமி மலையெல்லாம் போதுங்க. எதுவும் கேக்க வேண்டியது இல்லாத மலைக்குக் கூட்டினு போங்க” என்றார் அத்தை.

போன மார்கழியில் கிளம்பினார்கள். ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி, பிறகு வால்பாறை. நடுவில் அகப்படும் சின்ன ஊர்களில் தங்கல். எனக்கு அப்போது எட்டு மாதக் குழந்தை. என் கணவருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்கும்.

தினமும் மாலையில் அத்தை போன் செய்வார், நான் சிரிக்காத நாள் இல்லை. வழியில் யார் கை காட்டினாலும் மாமாவின் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடுமாம். ஏற்காட்டில் ஒரு நிறுத்தத்தில் கை காட்டிய நாலு பேர் பின்கதவைத் திறந்து ஏறிவிட்டார்கள். டிக்கெட் எவ்வளவு என்று ஒரு பெரியவர் கேட்க, “ஆங், உள்ள தள்ளி உக்காருங்க” என்றிருக்கிறார் மாமா. இறக்கிவிட்ட பிறகும் வண்டி நகரவில்லையாம். அத்தை ஒன்றும் புரியாமல் பார்த்திருக்கிறார். பின்னாலிருந்து யாராவது ‘ரைட்’ சொல்லாமல் அவரால் கிளட்சை விட முடியவில்லை. அன்று முதல் அத்தைதான் கண்டக்டர். “ஓட்டுநருடன் பேசாதீர்னு தலைக்கு மேல எழுதி வச்சிகினு முப்பது வருசம் ஓட்டினாருமா. அவர் பஸ்ல ஏறினாக்கூட கடைசி சீட்டுல உக்காந்து, முதுகைப் பாத்துகினு வருவேன். இப்பதான் முன்னாடி உக்காந்து வாய் வலிக்கப் பேசினு வர்றேன்” என்றார்.

கொல்லிமலை வளைவு ஒன்றில் சுற்றுலா வேன் ஒன்று ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றுவிட்டது. அதன் ஓட்டுநர் வியர்த்துப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மேலும் கீழும் வண்டிகள் வரிசை கட்டின. மாமா இறங்கிப்போய் அவர் தோளைத் தட்டி, தள்ளி உட்காரச் சொல்லி, அந்த வேனை ஒரே முயற்சியில் பின்னால் எடுத்து வளைவுக்கு வெளியே நிறுத்தினார். யாரோ கை தட்டினார்களாம். மாமா பின்னால் எடுத்த அழகைச் சொன்னபோது போனிலேயே அத்தையின் குரல் பெருமையில் தடித்திருந்தது. கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருடத்தில் தன் கணவரின் வேலையை அவர் முன்பக்கமிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் குழந்தைக்கு ஜுரம் கொதித்தது. தனியாக இருந்தேன். கோத்தகிரிக்குப் போன் போட்டு, “மாமா, வந்துடுங்க” என்று அழுதேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வால்பாறை மட்டும்தான் பாக்கி இருந்தது. வண்டியைத் திருப்பினார்.

இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். டாக்டர் கொடுத்த மருந்தில் நண்பகலுக்குள் ஜுரம் இறங்கிவிட்டது. அப்போது அவர்கள் சேலத்தில் இருந்தார்கள். நிலவரம் கேட்டு அத்தை போன் செய்தபோது, “அப்படியேதான் இருக்கு” என்று பொய் சொன்னேன். எனக்கு அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் போலிருந்தது. பொழுது சாய வந்து சேர்ந்தார்கள். குழந்தை கரண்டியைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். மாமா அவன் நெற்றியில் கை வைத்தார். “நைனா நல்லாத்தான் கீறான்” என்று சிரித்தார். நான் தலை குனிந்து நின்றேன். “வண்டியைத் திருப்பறதுல ஒண்ணும் இல்லம்மா. ரூட்டு எங்கயும் ஓடிப் போவாது” என்றார். அந்த வருடம் முழுக்கப் பேச்சுவாக்கில்கூட வால்பாறையை அவர் எடுக்கவில்லை.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

“தெரியும். உன் குரல்லயே தெரிஞ்சிது. ஜுரம் எறங்கிட்டிருக்கும், வால்பாறைக்கே திரும்பிப் போலாம்னு சேலத்துலயே சொன்னேன். அவருதான், ‘ஜுரம் எறங்கியிருக்கும், அவ பயம் எறங்கியிருக்காது, வீட்டுக்கே போலாம்’ன்னாரு.”

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றுதான். ஒருத்தியின் பயத்துக்காக, அது வெறும் பயம் என்று தெரிந்தே, ஆசைப்பட்ட பாதையை விட்டுத் திரும்பி வருவது. வந்த பிறகு அதைச் சொல்லிக்காட்டாமல் இருப்பது.

இப்போது அத்தை வால்பாறை போக வேண்டும் என்கிறார். ஒரு வருடம் வாசல் தாண்டக் கூடாது என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். “அடுத்த குளிருக்கு என் முட்டி எனக்கு வேலை செய்யுமா? நீ ஓட்டு” என்று என்னிடம் கேட்டுவிட்டார். என் கணவருக்கு இரண்டு சக்கரம்தான் ஓட்ட வரும். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் பக்கத்திலிருக்கும் கே.ஜி.கண்டிகையைத் தாண்டி ஓட்டியதில்லை. அந்த மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர் ஒருவர் என் பக்கத்து இருக்கையில் வந்தால் போதும். நான்தான் ஓட்டுவேன். பையனும் வருவான், வாந்தி எடுப்பான், முன்பே சொல்லிவிடுகிறேன். பொங்கல் முடிந்த வாரம் கிளம்ப நினைக்கிறோம். உங்களில் யார் வர முடியும் என்று கன்னியப்பன் ஐயாவிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். அத்தை தினமும் கேட்கிறார். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.