அவளுக்கு மட்டும் திமிர்

என் கதைகளைப் படித்துவிட்டு வீடு தேடி வருகிறவர்கள் காபி குடித்து முடிக்கும்வரை நல்லவிதமாகத்தான் பேசுவார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் ஆரம்பிப்பார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா உங்க கதையில வர்ற பொம்பளைகளுக்குக் கொஞ்சம் திமிர் ஜாஸ்தி." அதே கதையில் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைப் போட்டு மிதிக்கிறவன் ஒருவன் இருப்பான். அவனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. பாவம், வாழ்க்கையில் அடிபட்டவன் என்று அவர்களே அவனுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். இந்தத் தீர்ப்பை நான் பத்தொன்பது வயதிலேயே கேட்டாயிற்று. புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. என்னைக் கட்டிக்கொடுத்தது விருதுநகரில். அவருக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் வேலை. கடை விட்டால் நேரே வீட்டுக்கு வருகிற ஆளில்லை. சாத்தூரில் இன்னொருத்தி இருந்தாள். அதை ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். கேட்டதற்குக் கிடைத்த அறையில் என் இடது காது இன்றைக்கும் பாதிதான் கேட்கும். மறுநாள் பட்டப்பகலில் ஸ்டேஷனுக்கு நடந்து போய், ரயிலேறி, சிவகாசியில் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

அம்மா ஒரு பாட்டம் அழுதாள். அப்பா செத்த பிறகு தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டி என்னை வளர்த்தவள். என் தாய்மாமன் சொன்னதுதான் அவளுக்குச் சட்டம். மாமாவோ அன்றைக்கே என்னைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அம்மா ஒரே ஒரு சலுகை கொடுத்தாள்.

"ஒன் வயித்துக்கு நீ சம்பாதிக்கிற வரைக்கும் இங்கன இரு. ஒங்க மாமா வந்து கேட்டாக்க, சீசன் வேலை கெடக்கு, முடியட்டும்னு சொல்லுதேன். வேலை போச்சுன்னா எங்கிட்ட வேற பதில் கெடையாது பாத்துக்கோ."

ஆக, தீப்பெட்டி ஆபீஸில் வேலை இருக்கிறவரை நான் அந்த ஆளிடம் போக வேண்டியதில்லை. வேலை போனால் போக வேண்டும். அவ்வளவுதான் என் வாழ்க்கை அப்போது.

தீப்பெட்டி ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி போட்ட ஆபீஸ் இல்லை. தகரக் கொட்டகை. மரச் சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சி அடுக்க வேண்டும். கட்டை அடுக்குவது என்போம். அடுக்கிய கட்டையைத்தான் மருந்தில் முக்கக் கொண்டுபோவார்கள். எத்தனை கட்டை அடுக்கினாயோ அத்தனைக்குத்தான் கூலி. காலையிலிருந்து சாயங்காலம்வரை விரல்தான் ஓடும், மூளைக்கு வேலை கிடையாது. அந்தக் கொட்டகையில் எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு ஒரு தனி ஏற்பாடு செய்தார்கள். மத்தியானத்துக்கு மேல் நான் வாரப்பத்திரிகையிலிருந்து தொடர்கதை படிக்க வேண்டும், அடுத்த இதழ் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு குச்சி அடுக்க முடியாதல்லவா? அதற்காகச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கு ரெண்டு வரிசை என் கட்டையில் அடுக்கிக் கொடுப்பார்கள். கணக்கப்பிள்ளை கண்டுகொள்ளவில்லை. கதை ஓடினால் வாய் ஓடாது, கை ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

பத்திரிகை வாங்குவது எங்கள் தெருவில் குடியிருந்த டீச்சரம்மா. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக ஒரு வீடு பிடித்து இருந்தார். தான் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் ஓடிய தொடர்கதை ஒரு பண்ணையாரைப் பற்றியது. அவன் செய்யாத அக்கிரமம் இல்லை. நாட்டியக்காரி வீட்டிலேயே கிடந்தான், பெண்டாட்டி நகையைச் சீட்டாடித் தோற்றான், பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினால் நாளைக்கு வருகிறேன் என்றான். கடைசி அத்தியாயத்தில் இருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். கொட்டகை மொத்தமும் மூக்கைச் சிந்தியது.

"ஆயிரந்தான் இருக்கட்டும், மனசு தங்கம்லா!" என்றாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கிய அக்கா.

எங்கே பார்த்தாள் தங்கத்தை? எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என் கட்டைகளைப் போட்டி போட்டுக்கொண்டு அடுக்கித் தந்தார்கள்.

அடுத்த தொடர்கதை ஆரம்பித்தது. இதில் கதாநாயகி ஒருத்தி. புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டிவந்துவிடுகிறான். இவள் சத்தம் போடவில்லை, யாரையும் வையவில்லை, எவனோடும் ஓடவில்லை. நாலு சேலையை எடுத்துக்கொண்டு வெளியேறி, ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்கிறாள். அவன் வந்து கூப்பிடும்போது வரமாட்டேன் என்கிறாள். குற்றம் அவ்வளவுதான். அந்த இடத்தைப் படிக்கும்போது என் குரல் எனக்கே தடுமாறியது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு முகத்திலும் ஈரமில்லை.

"என்னட்டி இவ, இம்புட்டுத் திமிரு பிடிச்சவளா இருக்கா?"

"புருசன் வாசல்ல வந்து நிக்கான். வாங்கன்னு ஒரு சொல்லு சொன்னா வாயில முத்தா உதிந்துரும்?"

"ஆஸ்பத்திரியில நாலு காசு பாத்துட்டால்ல, கொழுப்பு."

எல்லாரையும்விட அதிகமாகக் கொதித்தவள் அந்தப் பக்கத்துக் கட்டை அக்காதான். அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். மூன்று பிள்ளைகளை இவள் குச்சி அடுக்கித்தான் காப்பாற்றினாள். அவன் வருவான் வருவான் என்று வருஷா வருஷம் இருக்கன்குடிக்கு நடந்துபோய் மாரியம்மனுக்கு மாவிளக்கு வைத்தாள். அப்படிப்பட்டவளுக்குக் கோபம் கொழும்புக்காரன்மேல் வரவில்லை, காகிதத்தில் இருந்த ஒரு பெண்மேல் வந்தது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. வரமாட்டேன் என்று சொன்னவள் செய்தது சரி என்றால், இத்தனை வருஷம் காத்துக் கிடந்தவள் என்ன ஆவாள்? அதுதான் அந்தக் கோபம்.

"இந்தச் சிறுக்கி கதைக்கு நான் ஒண்ணும் கட்டை அடுக்கித் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கதையை நிறுத்தவும் விடவில்லை. அவள் நாசமாகப் போவதைக் கேட்டே ஆக வேண்டும் அவர்களுக்கு. படி, படி என்பார்கள், ஒரு வரிசை அடுக்க மாட்டார்கள். சாயங்காலம் எல்லார் பக்கத்திலும் கட்டை குவிந்திருக்கும், என் பக்கத்தில் தரை தெரியும். அந்த வாரக் கடைசியில் கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார்.

"ஏம்மா, இங்கன கதாகாலட்சேபம் பண்ணவா வந்துருக்கே? அடுத்த வாரமும் இதே லெச்சணம்னா வீட்டுலயே இருந்துக்கோ."

வீட்டிலேயே இருந்துகொள் என்றால் அந்த வீடு எந்த வீடு என்று எனக்குத் தெரியுமே.

மறுநாள் புது இதழைப் பிரித்தேன். அதில் இருந்ததை விட்டுவிட்டு நானே கட்டிச் சொன்னேன். கண் எழுத்தின்மேல்தான் ஓடியது, வாயில் வந்தது வேறு. அவளுக்கு ஆஸ்பத்திரியில் அவமானம் வந்தது. கனவில் மாமியார் வந்தாள். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவளை இறக்கினேன். கடைசி அத்தியாயத்தில் அவளைக் கொண்டுபோய்ப் புருஷன் காலிலேயே போட்டேன். இன்னொருத்தி பெற்ற பிள்ளையை இவளே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று கைச்சரக்காக ஒன்றையும் சேர்த்தேன். கொட்டகை கதறிவிட்டது. பத்திரிகையில் இருந்த கடைசி அத்தியாயத்தில் அவன் மறுபடி வருகிறான், பசியோடு வந்தவனுக்கு அவள் சோறு போடுகிறாள், சாப்பிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள். அது எனக்கும் டீச்சரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பொய் சொன்னேனே என்று நான் வருத்தப்பட்டதே இல்லை. என் கட்டைகள் நிறைந்தன. வேலை நிலைத்தது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆனால் அழுதவர்கள் சும்மா இருக்கவில்லை. குழாயடி, கோயில், கடைத்தெரு என்று போன இடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பக்கத்துக் கட்டை அக்காவும் கொட்டகைப் பெண்கள் ரெண்டு பேரும். நல்ல காரியத்துக்கு வருவதுபோல வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை ஆள் அனுப்பியிருக்காரு. பழசையெல்லாம் மறந்துருதேங்காரு. பெறகென்ன?" என்றார் மாமா. மறந்துவிடுகிறாராம்! அடித்தவர்!

"நான் போகலை மாமா. எனக்கு வேலை இருக்கு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமான பாசத்தோடுதான் பிடித்தாள். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

"ஏத்தா, நீதான வாசிச்சே? அம்புட்டு வீராப்பாப் போனவளே கடைசியில வந்து கால்ல விழுந்தாள்லா? மத்தவ பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சாளே, அவ பொம்பள! படிச்சவுக எழுதுனதே அப்படி இருக்கு. ஒனக்கு மட்டும் என்ன?"

"அக்கா, அது பத்திரிகையில இல்லை. நான் இட்டுக்கட்டுனது. அதுல அவ திரும்பிப் போகவே இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள்.

"அச்சுல வந்ததை இவ மாத்துனாளாம்ல! போகாம இருக்கதுக்கு என்னவெல்லாம் சொல்லுதா பாரு."

"டீச்சரம்மாகிட்ட கேளுங்க. புத்தகம் அவுககிட்டதான் இருக்கு" என்று கத்தினேன். கத்தும்போது தெம்பாகத்தான் இருந்தது. வாராவாரம் பத்திரிகையை நீட்டும்போது டீச்சரம்மா அந்தக் கதாநாயகியைப் பற்றிக் கண்ணெல்லாம் சிரிப்பாகச் சொல்வார்: "இந்த வாரம் பாரு, எப்படி ஒரு கேள்வி கேட்டுட்டா!" தனியாக வாழ்கிற மனுஷி. அவர் சொன்னால் மாமாகூட ஒரு நிமிஷம் யோசிப்பார் என்று நம்பினேன்.

அம்மா போய்க் கூட்டிவந்தாள். சர்ச்சில் ஆராதனை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கையில் அந்தப் பத்திரிகை. மாமா எழுந்து நின்று, நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் காலில் விழுந்தது, பிள்ளையைத் தூக்கியது, நான் இப்போது மறுப்பது, ஒன்று விடாமல்.

"எனக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். நீங்க படிச்சவுக. உள்ளதை வாசிச்சுச் சொல்லுங்க, டீச்சரம்மா. ஒரு பிள்ளை வாழ்க்கை இதுல இருக்கு."

அவர் பக்கத்தைப் புரட்டினார். என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், வாசலில் கூடிவிட்ட தெருவைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற அதே தெளிவான குரலில் வாசிக்க ஆரம்பித்தார். அவள் கண்ணீரோடு அவன் பாதங்களில் விழுந்தாளாம். அந்தக் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாளாம். இதுவே என் வீடு, இனி இதைவிட்டுப் போகேன் என்றாளாம். என்னைவிட நன்றாகவே இட்டுக்கட்டினார்.

நான் பத்திரிகையைப் பிடுங்கினேன். அதில் இருந்ததைச் சொல்லுக்குச் சொல் வாசித்தேன். "சாப்பிட்டுக் கிளம்புங்கள்" என்ற இடம் வரும்போது மாமா அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தார்.

"போதும்த்தா. டீச்சரம்மா பொய் சொல்லுவாகளா?"

வேலை இருக்கிறவரை இரு என்ற அம்மாவே என் சேலைகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அக்கா எனக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு போய்விட்டது.

கிளம்புகிறபோது டீச்சரம்மா அடுக்களைப் பக்கம் வந்தார். கண் சிவந்திருந்தது. "நான் இந்தத் தெருவுல தனியா இருக்கேன்மா" என்றார். "போகாதேன்னு ஒனக்கு நான் சொன்னதா ஊருல பேச்சு வந்தா, நாளைக்கு ஒரு பிள்ளையை எங்கிட்ட படிக்க அனுப்ப மாட்டாங்க. இவளே ஒரு மாதிரி, அதான் அவளையும் கெடுத்துட்டான்னு சொல்லுவாங்க."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அவளை உங்களுக்குப் பிடிச்சிருந்ததா டீச்சரம்மா?"

"ரொம்பப் பிடிச்சிருந்தது" என்றார். "கதைதானேம்மா. கதையில யாரை வேணும்னாலும் பிடிக்கும்."

ரயிலுக்கு நேரமாகிறது என்று மாமா வாசலிலிருந்து கூப்பிட்டார். மூட்டையை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனேன். பதினாறு வருஷம் அங்கே இருந்தேன்.