ஓடில் வீட்டுச் சுவரின் வெறும் ஆணி

ஓடில் முப்பத்தைந்து வருடம் டிராம் ஓட்டியவர். ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த நேரம் தவறாமை முழுவதும் ஒரு ஃபிஞ்ச் குருவியின் தலையில் விழுந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் குருவிக்கு அவர் வைத்த பெயர் பிஷப்.

பிஷப்புக்குக் காலை ஆறு மணிக்கு ஊறவைத்த விதை, ஏழுக்கு வேகவைத்து உதிர்த்த முட்டை. எட்டரை மணிக்கு வெயில் தாழ்வாரத்துக்கு வந்துவிடும், பிஷப்பும் வந்தாக வேண்டும். மனைவி கோதலீவ் இந்தக் குருவிப் பைத்தியத்தை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் குருவிகள்தான் மாறியிருக்கின்றன.

"எனக்கு ஒரு நாளாவது முட்டை ஓடு உரிச்சுக் குடுத்திருக்கியா ஓடில்?"

"நீ பாடினா உரிச்சுத் தரேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி பாடச் சொல்லிக் கெஞ்சினியே, அப்ப எங்க போச்சு இந்த முட்டை?"

இறந்த குருவிகளையும் ஓடில் விட்டுவிடுவதில்லை. ஒவ்வொன்றின் வால் இறகு ஒன்றையும் பழைய சுருட்டுப் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருக்கிறார். பெட்டியின் மேல் சீட்டு ஒட்டி, பெயரும், அந்தக் குருவி ஒரு மணி நேரத்தில் பாடியதிலேயே உயர்ந்த எண்ணிக்கையும் எழுதியிருப்பார். மொத்தம் பதினோரு பெட்டி, பதினோரு குருவி. கோதலீவ் அந்த அலமாரிக்குக் கல்லறை என்று பெயர் வைத்திருந்தாள். ஆனால் அதில் தூசி தட்டுவது அவள்தான், அதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி. ஜூன் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டியில் யாருடைய குருவி ஒரு மணி நேரத்தில் அதிகம் பாடுகிறதோ, அவர்தான் அந்த வருடத்துக்கு ஊர்க் குருவிச் சங்கத்தின் ராஜா. கழுத்தில் வெள்ளிக் குருவிப் பதக்கத்தோடு அவரைப் புகைப்படம் எடுத்துத் தருவார்கள். அந்தப் படத்துக்காக ஓடில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அடித்த ஆணி அது. இத்தனை நாளும் அதில் கோதலீவின் சமையல் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை அந்த ஏப்ரனுக்கு ஆபத்து வந்தது. ஆறு வருடத்துக்கு முன், நோட்டரி என்ற குருவி இருந்த காலம். அந்தக் குருவி பாடிய பாட்டைப் பற்றி ஓடில் பேச ஆரம்பித்தால் காபி ஆறி, ரொட்டி காய்ந்துவிடும். அந்த வருடம் நோட்டரிக்குக் கோடு போட உட்கார்ந்தவன் கோதலீவின் தம்பி ரெமி.

இங்கே யாரும் தன் குருவிக்குத் தானே கோடு போடுவதில்லை. தெரு ஓரமாக மரக்கூண்டுகளை வரிசையாக வைத்துவிட்டு ஆளுக்கு ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டும். பக்கத்துக்காரன் குருவி ஒரு பாட்டை இழுப்போடு முழுசாக முடித்தால், கையில் இருக்கும் நீளக் கோலில் சாக்பீஸால் ஒரு கோடு. பாதியில் விட்டால் கிடையாது. தன் குருவி என்றால் இருமலுக்கும் கோடு விழும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தங்களைப் பற்றி நன்றாகவே தெரியும்.

அன்றைக்கு நோட்டரி பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு ட்ராக்டர் தடதடவென்று தெருவைக் கடந்தது. அது போய் முடிகிறவரை ரெமி ஒரு கோடும் போடவில்லை. "சத்தத்துல ஒண்ணும் கேக்கல மச்சான்" என்றான். அந்த நேரத்தில் மூன்று பாட்டு பாடியதாக ஓடில் சத்தியம் செய்தார். நோட்டரி தோற்றது இரண்டு கோட்டில். அந்தக் குளிர்காலத்தில் அது இறந்துபோனது. பெட்டியின் சீட்டில் ஓடில் 611 என்று எழுதினார். அதன் பிறகு அந்த வீட்டில் சூப்பில் உப்பு குறைந்தாலும் சரி, காபியில் சர்க்கரை குறைந்தாலும் சரி, "மூணு கோடு குறையுது" என்றுதான் ஓடில் சொல்வார். ரெமியும் மேஜையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

இந்த வருடம் சனிக்கிழமை மாலை, சங்கத்துக்காரர்கள் கூடும் பீர்க் கடையில், யார் யாருடைய குருவிக்குக் கோடு போடுவது என்ற குலுக்கல் நடந்தது. எடுத்த சீட்டைப் பார்த்ததும் கடை முழுவதும் சிரிப்பு. ரெமியின் குருவி ஷெரிஃபுக்குக் கோடு போட வேண்டியவர் ஓடில். ஓடிலின் பிஷப்புக்கு, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பௌலா. அவள் கோட்டில் தப்பு கண்டுபிடித்தவர் இதுவரை பிறக்கவில்லை.

"மச்சான், நாளைக்கு ட்ராக்டர் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருக்கியா?" என்றான் ரெமி. கசாப்புக் கடைக்காரன், குரல் எப்போதும் கடைக்கு வெளியேயும் கேட்கும்.

"எதுக்கு? எனக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றார் ஓடில்.

காலையில் கோதலீவ் காபியை ஊற்றிக்கொண்டே, "என் தம்பி குருவிக்கு ஒரு கோடு குறைஞ்சாலும் இன்னைக்குச் சாப்பாடு கிடையாது" என்றாள். அதே மூச்சில், "உன் குருவி தோத்து வந்தா உன் மூஞ்சிய அடுத்த ஜூன் வரைக்கும் நான்தான் பாக்கணும். அதையும் யோசிச்சுக்கோ" என்றும் சொன்னாள். ஓடில் யோசித்தார். ரொட்டியில் வெண்ணெயை இரண்டு தடவை தடவும் அளவுக்கு யோசித்தார். மூன்றே மூன்று கோடு. யாருக்குத் தெரியப்போகிறது?

எட்டு மணிக்குச் சிவப்புக் கொடி உயர்ந்தது. தேவாலயத் தெருவில் முப்பது கூண்டு, முப்பது நாற்காலி, முப்பது சாக்பீஸ். யாரும் பேசக் கூடாது. ஷெரிஃப் பாட்டுக் கடையைத் திறந்துவிட்டது. ஓடில் கோடு இழுத்தார். இடது பக்கத்தில் பிஷப் பாடுவதும் கேட்டது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார், ஆனால் பெற்ற பிள்ளையின் குரல் மாதிரி அது காதில் தானாக வந்து விழுந்தது. நன்றாகத்தான் பாடியது.

எட்டரைக்குத் தேவாலய மணி அடித்தது. சரியாக அப்போது ஷெரிஃப் ஒரு பாட்டை எடுத்தது. ஆரம்பம் கேட்டது, முடிவை மணிச் சத்தம் விழுங்கிவிட்டது. கேட்காத பாட்டுக்குக் கோடு போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ரெமி அடுத்த கூண்டில் கண்ணாக இருந்தான், திரும்பவில்லை. ஆனால் ஓடில் பார்த்துவிட்டார். கம்பிகளுக்கு நடுவே அந்தச் சின்னத் தொண்டை கடைசி இழுப்பு வரை துடித்து அடங்கியது. சாக்பீஸைக் கோலின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நோட்டரியின் தொண்டையும் ட்ராக்டர் சத்தத்தில் இப்படித்தான் துடித்திருக்கும் என்று தோன்றியது. கோடு போட்டார். ஆத்திரத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

ஒன்பது மணிக்குக் கொடி இறங்குகிறபோது ஷெரிஃப் இன்னொரு பாட்டின் நடுவில் இருந்தது. கொடி தரையைத் தொடவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. தொடுவதற்கு முன்பா, பின்பா? ஓடில் தன்னையே மனதுக்குள் திட்டிக்கொண்டு அதற்கும் ஒரு கோடு போட்டார்.

பௌலா எழுந்து படித்தாள். "பிஷப், ஐந்நூற்றுப் பதினெட்டு." அவ்வளவு உயரத்துக்கு அன்று அதுவரை யாருடைய குருவியும் போகவில்லை. தெருவே ஓடிலைத் திரும்பிப் பார்த்தது. ஓடில் தன் கோலை எண்ணினார். பிறகு இன்னொரு தடவை எண்ணினார். "ஷெரிஃப்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐந்நூற்றுப் பத்தொன்பது."

ஒரு கோடு. ஏப்ரனுக்கு இடம் உறுதியானது.

ரெமி குதித்தான், சிரித்தான், பௌலாவைக் கட்டிப்பிடித்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு ஓடிலின் கோலை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தான். நடுவில் ஓர் இடத்தில் கோடு தடித்து, பக்கத்தில் சாக்பீஸ் தூள் அப்பியிருந்தது.

"இது மணி அடிச்சப்பவா?"

"ம்."

"மணிச் சத்தத்துல எப்படிக் கேட்டுச்சு?"

"கேக்கல. தொண்டை ஆடுச்சு, பார்த்தேன்."

ரெமியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ராஜாவுக்குப் புகைப்படம் எடுக்கும்போது, அவர் குருவிக்குக் கோடு போட்டவரும் கோலோடு பக்கத்தில் நிற்பது இந்தச் சங்கத்து வழக்கம். ரெமி பதக்கத்தோடு நின்றான். ஓடில் கோலோடு நின்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. புகைப்படக்காரர் கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது ரெமி உதடு அசையாமல், "மச்சான்" என்றான்.

"என்ன?"

"அன்னைக்கு ட்ராக்டர் போனப்ப... எனக்கும் தொண்டை தெரிஞ்சுது."

ஓடில் திரும்பவில்லை.

"எத்தனை?"

"மூணு. நீ சொன்ன மாதிரியே மூணு. மூணும் முழுப்பாட்டு மச்சான்."

ஆறு வருடமாக ஓடில் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார். வந்தால் ரெமியின் சட்டையைப் பிடிப்பது என்று ஆறு வருடமாக முடிவும் செய்துவைத்திருந்தார். இப்போது கையில் கோல் இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது, சட்டையைப் பிடிக்கக் கை ஒழியவில்லை. "நேரா கேமராவப் பாருடா" என்றார்.

"ஓடில், அந்தக் கோலைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்று புகைப்படக்காரர் இரண்டு முறை சொன்னார். நல்லாவே கேட்கும் என்று முந்தின நாள் சொன்ன அந்தக் காதில் அது விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓடில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்தார். நோட்டரியின் பெட்டியை எடுத்து, 611-ஐ அடித்துவிட்டு 614 என்று எழுதினார். "பாடினேடா நீ" என்று இறகிடம் சொன்னார். கதவருகே நின்ற கோதலீவ் அடுப்படிக்குப் போய் இரண்டு முட்டையை வேகவைத்தாள். பிஷப்புக்கு ஒன்று, ஓடிலுக்கு ஒன்று. இரண்டுக்கும் ஓட்டை அவளே உரித்தாள்.

படம் இரண்டு வாரம் கழித்து வந்தது. கோதலீவ் ஏப்ரனை எடுத்துவிட்டு அதை ஆணியில் மாட்டினாள். அடுத்த ஞாயிறு சாப்பிட வந்த ரெமி அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். படத்தில் அவன் தலையைக் கொஞ்சம் தொங்கப்போட்டிருந்தான். பக்கத்தில் ஓடில் மார்பை நிமிர்த்தி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்திருந்த கோல் குறுக்கே சாய்ந்து, ரெமியின் மார்பில் பதக்கம் தொங்கும் இடத்தைச் சரியாக மறைத்திருந்தது.

"அக்கா, இதுல யார் ராஜான்னே தெரியலையே! மச்சான், என் பதக்கம் எங்க?"

ஓடில் சூப்பை ஒரு வாய் குடித்தார். உப்பு சரியாக இருந்தது.

"இருந்துச்சுடா" என்றார். "அந்த நேரம் பார்த்து ஒரு ட்ராக்டர் போச்சு."