மாமியின் பென்ட்ரைவும் என் அன்டிவைரஸும்

புதுக் கொம்பியூட்டருக்கு எந்த அன்டிவைரஸ், எந்த ஃபயர்வோல் நல்லது என்று ஒரு கிழமையாக இந்த இணையக் குழுவில் உங்கள் உயிரை வாங்கியவன் நான்தான். கடைசியில், இருப்பதிலேயே கடுமையானதை வாங்கிப் போட்டேன்.

இன்று காலை கண்டாவளையிலிருந்து மனைவியின் அம்மா வந்தார். கையில் ஒரு பென்ட்ரைவ்.

"தம்பி, எங்கட கோயில் திருவிழா வீடியோ. ஒருக்காப் போட்டு விடுங்கோ."

செருகியதும் திரை முழுக்கச் சிவப்பாகி, கொம்பியூட்டர் கூக்குரலிட்டது. பென்ட்ரைவில் வைரஸாம்.

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் தம்பி, நான் கொண்டு வந்ததில ஏதும் பிழையோ?"

"சீச்சீ, இல்லை மாமி. புதுசெல்லே, ஆள் பழக்கமில்லாமல் குரைக்குது."

வீட்டுக்கு ஆள் வந்தால் நாயைப் பிடித்துக் கட்டுவதுதானே எங்கள் வழக்கம்? அன்டிவைரஸையும் நிறுத்தி வைத்தேன். மாமி தேத்தண்ணி குடித்தபடி தேரும் தீர்த்தமும் பார்த்து முடித்தார்.

இப்போது கொம்பியூட்டரில் இருந்த என்னுடைய படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மாமியோ விறாந்தையில் இருந்து யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"மருமோன்ர கொம்பியூட்டர் நல்ல சாமான். எதைப் போட்டாலும் ஓடுது!"

மாமிக்கு வாலாட்டிக்கொண்டே வைரஸைக் கடிக்கிற அன்டிவைரஸ் ஏதும் இருந்தால், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.