மொட்டை மாடியில் இரண்டாவது நிழல்

1. காலி நோட்டு

செல்வி அன்றைக்கு வந்ததே சண்டைக்குத்தான். கையில் மகளின் அறிவியல் நோட்டு. அதை என் மேசைமேல் விரித்துப் போட்டார்.

"மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ள மிஸ் இவ. ஸ்கூல் தெறந்து எவ்ளோ நாள் ஆவுது, நோட்டப் பாருங்க, வெள்ளையா கெடக்குது. பக்கத்து வீட்டுப் புள்ள ரெண்டாவது நோட்டு வாங்கிடுச்சு. இங்க என்னாதான் சொல்லித் தர்றீங்க?"

புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராகச் சேர்ந்தவள் நான். இப்போது 'பேரன்ட் டெஸ்க்'கில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வருஷம் ஓய்வு. என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ரீசெட் செய்து தருவதுதான் இந்த வேலை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு என்கொயரி முறை. ஆசிரியர் பதிலைச் சொல்லிவிட மாட்டார். பிள்ளை ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பார்த்து, செய்து, தானே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான போட்டோவும் குறிப்பும் பள்ளி ஆப்பில் ஏறும். ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் மூன்று கட்டங்கள் இருக்கும்: பார்த்தேன், நினைக்கிறேன், கேட்கிறேன். ஆகவே நோட்டு காலியாகத்தான் கிடக்கும். ஆப்பைத் திறக்காத பெற்றோருக்குப் பிள்ளை ஒன்றுமே படிக்காதது போலத் தோன்றும்.

செல்வி ஆப்பைத் திறந்ததே இல்லை. போனில் இடமில்லாமல் அது இறங்கவில்லை. கோரிமேட்டில் ஒரு மருந்துக் கடையில் பில்லிங் வேலை. காலை ஷிப்டு என்றால் விடியும்போதே பஸ் ஏறிவிடுவார். கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் யாழினி தானே கிளம்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளி வேன் ஏறுவாள்.

"உக்காருங்க. என் சிஸ்டத்துல தெறந்து காட்டறேன்" என்றேன்.

யாழினியின் பக்கம் திறந்தது. பாடம் நிழல். பழைய பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி, நடுவில் ஒரு துடைப்பக்குச்சியை நட்டு, மொட்டை மாடியில் வைத்திருந்தாள். காலையில் ஒரு போட்டோ, பள்ளி விட்டு வந்ததும் ஒரு போட்டோ. குச்சியின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே சாக்பீஸில் கோடு.

செல்வியின் கோபம் அப்படியே இறங்கியது. "இதெல்லாம் இவளே எடுத்ததா? என் பழைய போன்ல என்னாவோ நோண்டிக்கிட்டே இருப்பா. கேம் ஆடறான்னு திட்டுவேன்." அந்தப் போனில்தான் ஆப் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு படமாகத் தள்ளுவது எப்படி, இரண்டு முறை தட்டிப் பெரிதாக்குவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். அவரே மௌஸைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். சிரித்துக்கொண்டே போனவரின் கை ஓரிடத்தில் நின்றது. முந்தைய படங்களுக்குப் போனார். மறுபடி முன்னால் வந்தார்.

"மிஸ், இது யாரு?"

2. முதுகுப் பக்கம் வெயில்

நான் குச்சியின் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி காட்டியது படத்தின் மேல் ஓரத்தை.

அவர்கள் குடியிருப்பது முதலியார்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடி. மொட்டை மாடியின் கிழக்கே மாடிப்படி அறை, அதன் தளத்தின்மேல் தண்ணீர் டேங்க், அங்கே ஏற ஓர் இரும்பு ஏணி. காலை வெயிலில் அந்த அறையின் நிழலும் டேங்கின் நிழலும் தரையில் நீளமாக விழும். எல்லாக் காலைப் படங்களிலும் அது இருந்தது. சில படங்களில் டேங்க் நிழலை ஒட்டி ஒரு புடைப்பு. அடுத்து வந்த படங்களில் அந்தப் புடைப்பு டேங்கிலிருந்து பிரிந்திருந்தது. அதற்குத் தோள் இருந்தது. தலை இருந்தது.

நாள் ஆக ஆக அது நகர்ந்தது. டேங்கை விட்டுத் தள்ளி, தளத்தின் நடுவுக்கு வந்து, அதையும் தாண்டி, தெருப் பக்க விளிம்புக்கு வந்துவிட்டது. மாலைப் படங்கள் ஒன்றிலும் அது இல்லை.

கீழே யாழினியின் கட்டங்களைப் படித்தேன். 'பார்த்தேன்: டேங்க் நிழல் இன்று இரண்டாக இருக்கிறது. நினைக்கிறேன்: டேங்க் உடைந்துவிட்டது. கேட்கிறேன்: நிழலுக்குத் தலை முளைக்குமா?'

அதற்கடியில் வகுப்பாசிரியை ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் போட்டிருந்தார். வகுப்பில் அத்தனை பிள்ளைகள், அத்தனை படங்கள். குச்சியைப் பார்த்துவிட்டு நட்சத்திரம் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என் புள்ள தனியா நிக்குது மிஸ். அது பின்னாடி எவனோ நின்னு பாக்குறான்."

யாழினியை வகுப்பிலிருந்து கூட்டி வரச் சொன்னேன். செல்வி தன் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "இது என்னா பாப்பா?" என்று கேட்டார்.

"அதுவா? அது காலைல வரும்மா. நான் போட்டோ எடுத்ததும் போயிடும்."

"நீ திரும்பிப் பாத்தியா?"

"ஊஹூம். சூரியனப் பாக்கக் கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். திரும்புனா கண்ணு போயிடும்."

பாதுகாப்புக்காகச் சொன்ன விதி அது. பிள்ளை அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். காலைதோறும் அந்த உருவம் அவள் தலைக்குமேல் நின்றிருக்கிறது. அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. இதை எண்ணியபோது பகல் பதினொரு மணி வெளிச்சத்தில் எனக்குக் கழுத்துப் பக்கம் குறுகுறுத்தது.

3. "நான் ஒருத்தன்தான்"

பிரின்சிபாலிடம் சொன்னேன். பிள்ளை இனி தனியாக மாடிக்குப் போக வேண்டாம், நீங்கள் போய்ப் பார்த்து வாருங்கள், தேவைப்பட்டால் போலீசுக்குச் சொல்வோம் என்றார். அன்று மாலையே செல்வியோடு போனேன்.

வீட்டுக்காரர் கீழே இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள்; தெருவில் சொல்தா வீடு என்றால்தான் தெரியும். குடியிருப்பவர்கள் அவரை பிரெஞ்சு முறையில் முசே என்று கூப்பிடுவார்கள். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் பிரான்சில். மகனின் கல்யாணப் படம் கூடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

"மாடிக்கு வேற யாராச்சும் வர்றாங்களா முசே?" என்று செல்வி கேட்டார்.

"யார் வருவா? வீட்ல நான் ஒருத்தன்தான்."

நான் போனில் படத்தைக் காட்டப் போனேன். அவர் கண்ணாடியைத் தேடவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. "டேங்க்தான் மதாம் அது. நிழல் அப்படித்தான் விழும்" என்றார்.

அப்போது உள்ளறையில் பாத்திரம் ஒன்று நகர்ந்த சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்த்தோம். கதவு சாத்தியிருந்தது.

"பூனை" என்றார் முசே. நாங்கள் கேட்கவே இல்லை.

படியேறும்போது செல்வி மெதுவாகச் சொன்னார்: "அவருக்குப் பூனன்னாலே ஆவாது மிஸ். கல்லால அடிப்பாரு."

மறுநாள் செல்வி லீவு போட்டார். காலையிலேயே வருகிறேன், நானும் கூட இருந்து பார்க்கிறேன், அதற்குள் மேலே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4. திரும்பக் கூடாது

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நான் மேலே போனபோது செல்வி கையில் சீப்போடு வாசலில் நின்றிருந்தார்.

"யாழினி எங்க?"

"தல பின்னிக்கிட்டு இருந்தேன் மிஸ். பால் பொங்குதுன்னு உள்ள போனேன், அதுக்குள்ள..."

இருவரும் ஒரே நேரத்தில் மாடிப்படியைப் பார்த்தோம். மேல் கதவு திறந்திருந்தது.

யாழினி யூனிபார்மில், ஒரு பக்கம் மட்டும் பின்னிய ஜடையோடு, வாளிக்கு முன்னால் நின்றிருந்தாள். முதுகில் வெயில். "கடைசி போட்டோ மட்டும்தாம்மா" என்றாள். நாங்கள் ஓடிப்போய் அவளுக்கு இரு பக்கமும் நின்றோம். மாடிப்படி அறை எங்களுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் தரையில் அதன் நிழல், அதன்மேல் டேங்கின் உருண்டை நிழல். வேறு ஒன்றுமில்லை.

அப்போது டேங்க் நிழலின் பக்கவாட்டிலிருந்து ஒரு தலை எழுந்தது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பது போல, மெதுவாக. பிறகு தோள். மனிதத் தோளுக்கு அது பெரிதாக இருந்தது. கை தனியாகத் தெரியவில்லை. சத்தமே இல்லாமல் தளத்தின் விளிம்பை நோக்கி நகர்ந்தது.

"வந்துடுச்சு" என்று கிசுகிசுத்தாள் யாழினி. "மிஸ், திரும்பாதீங்க."

எனக்குத் திரும்பத் தைரியமும் இல்லை. அது விளிம்பில் வந்து நின்றது. முதலில் திரும்பியது செல்விதான். மகளைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டு திரும்பினார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் திரும்பினேன்.

கூடத்துப் படத்தில் பார்த்த மகன்தான். முகம் பாதியாகியிருந்தது. அந்த வெயிலில், பனிக்குப் போடும் தடித்த கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். வெறுங்கால். கால்விரல்கள் தளத்தைத் தாண்டி வெளியே இருந்தன. கீழே தெரு. அவர் எங்களைப் பார்க்கவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. இத்தனை நாளும் பார்த்திருக்க மாட்டார் என்று அந்தக் கண்களைக் கண்டதும் தெரிந்தது.

செல்விதான் பேசினார். கடையில் மருந்து கேட்டு வருகிறவரிடம் பேசுகிற அதே குரல்.

"அண்ணே, மோட்டர் போட்டுட்டு வந்திருக்கேன். டேங்க் ரொம்பிடுச்சான்னு கொஞ்சம் பாருங்களேன்."

மோட்டார் ஓடவே இல்லை. அந்த அமைதியில் அது எல்லோருக்குமே தெரியும். அவர் தலையைத் திருப்பி செல்வியைப் பார்த்தார். யாரோ தன்னை ஒரு வேலை ஏவுகிறார் என்பது புரிய நேரம் பிடித்தது. பிறகு காலைப் பின்னால் எடுத்தார். டேங்கிடம் போய் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"பாதிதான் இருக்குது." பல நாள் பேசாத தொண்டை.

"சரி, எறங்கி வாங்க. டீ போட்டிருக்கேன்."

இரும்பு ஏணி வழியாக அவர் இறங்கி வரும்வரை நாங்கள் அசையவில்லை. யாழினி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கோட்டு போட்டிருக்கீங்க. அதான் நிழலு அவ்ளோ குண்டா இருந்துச்சு" என்றாள். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

5. பிறகு

செல்வியின் சமையலறையில் மகன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முசே மகன் குரலைக் கேட்டு மூச்சிரைக்க மேலே வந்தார். அவரைத் தனியாக அழைத்து, படங்களை வரிசையாகக் காட்டினேன். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டார். கடைசிப் படம் வரைக்கும் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மதியம் வரைக்கும் தூங்குறான்னு நெனச்சேன் மதாம்."

அங்கே வேலை போய்விட்டது, மனைவியும் பிரிந்துவிட்டாள், ஒரு பெட்டியோடு மகன் வந்து நின்றான். மாதா கோவிலில், தெருவில் எல்லோரிடமும் பையன் அங்கே நன்றாக இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். "மொத வாரம் சொல்லல. அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. வெளிய போவாதடா, கொஞ்ச நாள் போவட்டும்னேன். அவனும் சரின்னான்."

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இருவரையும் செல்விதான் கூட்டிப்போனார். எந்தக் கட்டடத்தில் எந்த டாக்டர் என்று அவருக்குத் தெரியும். ஏணியை அன்றே கழற்றி எடுத்துவிட்டார்கள். உடனே சரியாகிவிடவில்லை. மாத்திரை மாற்றினார்கள், நடுவில் மோசமான நாட்களும் வந்தன. எதற்குப் போய் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை என்று அந்த மகன் செல்வியிடம் ஒரு நாள் சொன்னாராம். இப்போது லாஸ்பேட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறார்.

யாழினி தன் பாடத்தை முடித்தாள். காலையில் நிழல் நீளம், சூரியன் ஏற ஏறக் குட்டை என்று வகுப்பில் விளக்கினாள். மாடிக் கதையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று யாரும் அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

புதிதாக வந்திருக்கும் பெண்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். ஆப்பை இறக்கித் தருவதும் பாஸ்வேர்டு போட்டுத் தருவதும் வேலையில் கால் பங்கு. பெற்றோர் "இவன் என்னா கத்துக்கிட்டான்?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களை உட்கார வைத்து, 'கேட்கிறேன்' என்ற கட்டத்தைத் திறந்து காட்டுங்கள். அதற்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளை எங்கே நின்று கேட்டதோ, ஒரு தடவை அங்கே போய் நிற்கச் சொல்லுங்கள்.

நான் இப்போது மாலையில் கிளம்புமுன் அன்றைய படங்களை ஒரு முறை பார்த்துவிடுகிறேன். செடியை எடுத்த படத்தில் செடியைப் பார்ப்பதில்லை. ஓரங்களைப் பார்க்கிறேன், ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கிறேன், கதவிடுக்கைப் பார்க்கிறேன். எதுவும் விளங்காவிட்டால் அந்த வீட்டுக்குப் போன் போடுகிறேன். "அது என் கொழுந்தன் முழங்கை மிஸ், இதுக்கா போன் பண்ணீங்க?" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும்.