அடித்தல் இல்லாத படிவங்கள்

அந்தக் கட்டைப் பிரித்த முதல் நிமிடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம், அது அத்தனை சுத்தமாக இருந்தது. களப்பணி முடித்து ஆராய்ச்சி மாணவர்கள் ஒப்படைக்கும் கேள்விப் படிவங்களை வருஷக்கணக்கில் பார்த்தவள் நான். மழையில் ஊறி உப்பியிருக்கும், தேநீர்க் கறை படிந்திருக்கும், பாதியில் பேனா தீர்ந்து பென்சிலுக்கு மாறியிருக்கும், பதில் சொன்னவர் மனம் மாறியதற்கு அடையாளமாக அடித்தலும் திருத்தலும் இருக்கும். இந்தக் கட்டில் அவை எதுவும் இல்லை. ஒரே நீல மை, ஒரே சாய்ந்த கையெழுத்து. ஓர் அடித்தல்கூட இல்லை.

திருவனந்தபுரத்தில் வளர்ச்சிப் பொருளாதாரம் ஆராயும் ஒரு நிறுவனத்தின் கல்விப் பிரிவில் அப்போது நான் உதவியாளர். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் தாண்டவேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் என் மேசையில் ஒரு கோப்பு உண்டு. முதலில் வகுப்புப் பாடங்களும் தேர்வும். பிறகு ஆய்வுத் திட்டத்தை நிபுணர் குழுவின் முன்வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை, அதன்பின் களப்பணி, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் எல்லோருக்கும் எதிரில் ஒரு கருத்தரங்கு, கடைசியாக வெளித் தேர்வாளர்களும் வாய்மொழித் தேர்வும். யார் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறார்கள் என்பது அவர்களுடைய வழிகாட்டிகளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கட்டை ஒப்படைத்த மாணவி மார்த்தாண்டத்துக்காரி. அதிகம் பேசமாட்டாள். பொன்முடிச் சாலையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலை குறைந்துபோன பிறகும் தொழிலாளர் குடும்பங்கள் ஏன் தோட்ட நிர்வாகம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான லயங்களை விட்டுப் போகவில்லை என்பதுதான் அவள் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. வித்துராவில் ஓர் அறை எடுத்துத் தங்கி, பஸ் கிடைக்கும் நாட்களில் மலையேறிப் போய்வந்ததாக அறிக்கையில் எழுதியிருந்தாள். படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு தேதியில் என் கண் நின்றது. அது ஹர்த்தால் நாள். வித்துராவிலிருந்து ஒரு வண்டியும் மேலே போயிருக்க முடியாது. அந்த நாளில் அவள் ஆறு குடும்பங்களிடம் பேசியிருந்தாள்.

படிவங்களை வாங்கி அலமாரியில் வைப்பதோடு என் வேலை முடிந்தது. சரிபார்ப்பது என் வேலையல்ல. ஆனாலும் அன்று மாலையே முனைவர் படிப்பு ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த நினைவும் பொய்யாகிவிடும். நானும் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்தவள். ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருந்த அப்பாவிடம் கெஞ்சி, இதே நிறுவனத்தில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்து, நேர்முகத்தில் தேறாமல் போனவள். ஒரே மையும் ஹர்த்தால் தேதியும் மட்டும்தான் என்னை அந்த அறைக்கு அனுப்பினவா என்று கேட்டால், ஆம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.

ஒருங்கிணைப்பாளர் படிவங்களை வெகுநேரம் பார்த்தார். "நேரில் போய் அன்வேஷிக்கணும், விசாரிக்கணும். அந்தப் பெண்குட்டிக்குத் தெரிய வேண்டா. நீயும் வா, அவிடே எல்லாரும் தமிழ்" என்றார், மலையாளம் கலந்த தமிழில். அடுத்த வாரம் அவரும் நிபுணர் குழு உறுப்பினர் ஒருவரும் நானும் ஜீப்பில் கிளம்பினோம். லயத்துக்குள் ஜீப் நுழைந்ததும் வாசலில் நின்ற பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் எங்கிருந்தோ ஓடிவந்து வணக்கம் வைத்தார். அவரிடமே ஆட்களைக் கூப்பிட்டுவரச் சொன்னார் ஒருங்கிணைப்பாளர். அதுவும் அப்போது எனக்குத் தவறாகப் படவில்லை.

ஏழெட்டுப் பேர் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு படிவத்தைத் தூக்கிக் காட்டி, மாணவியின் பெயரைச் சொல்லி, இப்படி ஒரு பெண் வந்து கேள்வி கேட்டாளா என்றார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"அப்பிடி யாரும் வரலயே சார்" என்றார் முன்னால் நின்ற பெரியவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. அந்த வேகம் அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ என் சந்தேகம் சரியாகிப்போன திருப்தி.

குழு உறுப்பினர் மேற்பார்வையாளரோடு தேநீர் குடிக்கப் போக, ஒருங்கிணைப்பாளரும் பின்னால் போனார். நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண் குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள்.

"அந்தப் புள்ள சொகமா இருக்கா?"

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. "எந்தப் புள்ள?"

"வெறுங்கையோட வரும்லா, அந்தப் புள்ள. பேப்பர் கொண்டாந்தா நாங்க வாயத் தொறக்க மாட்டோம்னு தெரிஞ்சுக்கிட்டு, எடுத்தே வராது. எங்ககூட ஒக்காந்து கொழுந்த ஆஞ்சுக்கிட்டே கேக்கும். கீழ ரூமுக்குப் போய்த்தான் எழுதும்னு சொல்லிச்சு. முன்ன ஒருக்க ஒருத்தர் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயி, அந்த வரிசையில நாலு வீட்டக் காலி பண்ண வச்சாங்க." குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. "அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

ஒரே மை ஏன், அடித்தல் ஏன் இல்லை, பஸ் ஓடாத நாளில் ஆறு படிவம் எப்படி என்பதெல்லாம் அந்தக் குழாயடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. போக வழியில்லாத நாளில் அறையில் உட்கார்ந்து, முந்தின நாட்களில் கேட்டதையெல்லாம் எழுதியிருக்கிறாள். எழுதிய நாளையே நேர்மையாகத் தேதியாகவும் போட்டிருக்கிறாள். கள்ளத்தனம் செய்கிறவள் ஹர்த்தால் நாளைத் தேர்ந்தெடுப்பாளா?

மலையிறங்கும் வளைவுகளில் ஜீப் திரும்பும்போதெல்லாம் இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொல்லாதே என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டாளே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெயர் இல்லாமலே சொல்லியிருக்கலாம். இன்னொரு எண்ணமும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்த மாணவியே சொல்லிக்கொடுத்திருந்தால்? சந்தேகப்பட்டுப் பழகிய மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் ஒரு சந்தேகத்தையே பிடித்துக்கொண்டது.

மாணவியை வரவழைத்து நடத்திய விசாரணையில் மினிட்ஸ், அதாவது குறிப்பு, எடுக்க உட்கார்ந்தது நான்தான். படிவங்களில் யார் பெயரும் இல்லை. லயத்தில் உன்னோடு பேசியவர்களில் இரண்டு பேருடைய பெயரைச் சொன்னால் போதும், விட்டுவிடுகிறோம் என்றார் ஒருங்கிணைப்பாளர். அவளுடைய வழிகாட்டிகூட, "சொல்லிவிடு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பேரு சொல்லமாட்டேன்னு அவங்ககிட்ட பறஞ்சிட்டுல்லா வந்தேன், சார்" என்றாள் அவள். அந்த அறையில் அவள் சொல்வது உண்மை என்று அறிந்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான். அவள் சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதினேன். எழுதிவிட்டுத் தலை நிமிரவில்லை.

அவளை வெளியேற்றவில்லை. களப்பணியை வைத்து எழுதிய இரண்டு அத்தியாயங்களை நீக்கிவிட்டு, அரசு வெளியிட்ட தகவல்களை மட்டும் வைத்து எழுதச் சொன்னார்கள். எழுதினாள். கூடுதலாக இரண்டு வருஷம் ஆனது. தேர்வாளர்கள் குறை சொல்ல ஏதுமில்லாத, லயத்து மனிதர்கள் ஒருவர்கூட வாய் திறக்காத ஓர் ஆய்வேடு. பட்டமும் கிடைத்தது.

சான்றிதழ் வாங்க வந்த அன்று, அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னேன்: "அன்னிக்கு லயத்துல ஒரு அம்மா உன்னைத்தான் விசாரிச்சாங்க. சொகமா இருக்கியான்னு. நீ எப்படிக் கேட்டே, எப்படி எழுதினேன்னு எல்லாம் சொன்னாங்க."

அவள் பேனாவை மூடினாள். நான் அத்தனை நாள் மறைத்தது முழுக்க அவள் முகத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

"அவங்க பேரு கேட்டீங்களா அக்கா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. கேட்டிருந்தா மினிட்ஸ்ல எழுதியிருப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். படிக்கட்டில் இறங்கிப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் சொல்கிறாள் என்று கேள்வி.

அந்த விவகாரத்துக்குப் பிறகு எங்கள் விதிமுறைக் கையேட்டில் ஒரு பத்தி சேர்ந்தது. களத்தில் பதில் சொல்லும் ஒவ்வொருவரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத பதிலை ஆய்வில் சேர்க்கக் கூடாது. அதைத் தட்டச்சு செய்தது நான். இப்போது பிரிவின் பொறுப்பும் என்னுடையதுதான். இந்த வருஷமும் புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்துக் கையேட்டைப் பக்கம் பக்கமாக விளக்கினேன். பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து விடுப்பு எடுத்து வந்திருந்த ஒரு பெண் அந்தப் பத்தி வந்ததும் கையைத் தூக்கினாள்.

"அக்கா, பேசறதுக்குச் சம்மதம், கையெழுத்து மட்டும் போடமாட்டேன்னு சொன்னா என்ன செய்யறது?"

என்னைத் தவிர அங்கே பதில் சொல்ல வேறு யாரும் இல்லை.

"அவங்கள விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போகணும்" என்றேன்.

அவள் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள்.