அரை பக்கெட் தண்ணீர்

வேப்பம்பட்டில் எங்கள் வாடகை வீட்டு வாஷ்பேசினில் மூடியை அழுத்தி அடைத்தாலும் தண்ணீர் கசிந்து இறங்கிவிடும். லாரித் தண்ணீரில் காலம் தள்ளுகிறவன் நான். பேசினில் கொஞ்சம் தேக்கிவைத்துச் சவரம் செய்தால் மிச்சமாகும் என்று பிளம்பரை வரச் சொன்னேன்.

நாற்பது வயதிருக்கும். விரலில் மோதிரம்போல் வெள்ளை டேப் சுருள். குளியலறைக்குள் போனவர் மூடியைப் பார்க்கவே இல்லை. நான் பிடித்துவைத்திருந்த பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துவைத்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “இன்னாங்க, லாரித் தண்ணிய இப்டி கொட்றீங்க? இன்னா நெனச்சிக்கினு கீறீங்க?”

அவர் ஹாலில் தவழ்ந்துகொண்டிருந்த என் மகளைக் காட்டினார்.

“எங்க ஊட்லயும் இந்த வயசுல ஒண்ணு இருந்துச்சு சார். அரை பக்கெட் தண்ணிதான். துணி காயப்போட்டுட்டு வர்றதுக்குள்ள...”

ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் மூடியைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார்.

பேசின் நிறையத் தண்ணீர் பிடித்தார். பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டுகூட இறங்கவில்லை.

“இனிமே ஒழுவாது சார்.”

பிறகு மூடியைத் திறந்தார். கடைசித் தண்ணீரும் இறங்கி முடியும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

வீடு வீடாகப் போய்த் தண்ணீரை நிற்கவைப்பதே அவர் பிழைப்பு. எப்படித்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ!

வேலை சுத்தமான வேலை. ஆனால் அந்த மூடியை நான் இன்றுவரை ஒருமுறைகூட மூடியதில்லை.